குடு பாப்பா, அப்பா காட்டுறேன்

பெண் பிள்ளைகள் விஞ்ஞானம் படிக்க வேண்டும், பொறியியலில் புகுந்து விளாச வேண்டும் என்று வாய் ஓயாமல் முழங்கிக்கொண்டே, அவர்கள் கையில் இருக்கும் ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கிக்கொள்ளும் ஓர் இனம் நம்மிடையே செழித்து வளர்ந்து வருகிறது. இவர்களைத் தேடி நீங்கள் எங்கும் போக வேண்டாம். வீட்டில் மிக்ஸி நின்றுபோகட்டும், சைக்கிள் செயின் கழன்று விழட்டும், ஒரு பெண் குழந்தை ஆசையாக அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்காரட்டும். எங்கிருந்தோ ஒரு கை நீளும். "குடும்மா இப்படி!" ஐயா வந்துவிட்டார்.

நாம் பார்க்கப்போகிறவர் காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் பிரிவுத் தலைவர். கூட வேலை செய்பவர்கள் அவருக்கு வைத்த பெயர் ஊக்கமருந்து. தேநீர் இடைவேளையில் யார் வீட்டுப் பெண் எந்த வகுப்பு என்று விசாரித்து, "மெக்கானிக்கல் சேருங்க சார்! பொம்பளப் புள்ளன்னா கம்ப்யூட்டர் முன்னாடிதான் உக்காரணுமா? பாலம் கட்டட்டும், கப்பல் கட்டட்டும், ராக்கெட் விடட்டும்!" என்று தோளைப் பிடித்து உலுக்கி, டீ ஆறிப்போகும்வரை விடமாட்டார். மனிதர் பொய் சொல்லவில்லை. மனதார நம்புகிறார். பத்தாம் வகுப்புப் படிக்கும் தன் மகள் பாப்பா, தலையில் மஞ்சள் தொப்பியோடு ஒரு தொழிற்சாலை வாசலில் நிற்பதை நினைத்தாலே அவருக்குக் கண் கலங்கிவிடும். கலங்கட்டும், யார் வேண்டாம் என்றார்கள்? கை சும்மா இருக்க வேண்டுமே!

பாப்பாவுக்குக் கட்டடம் கட்டும் பொம்மைப் பெட்டி வாங்கித் தந்தார். கோபுரத்தை அவரே கட்டினார். தொலைநோக்கி வாங்கினார், நிலாவை அவரே பார்த்துவிட்டு, அது எப்படி இருக்கிறது என்று அவளுக்கு விளக்கமாகச் சொன்னார். பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொடுத்த அன்று அவளுக்குக் கிடைத்த வேலை, அழுக்குத் துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பது. "அவ கையிலதான் குடுங்களேன்" என்பார் மனைவி. "அவளுக்காகத்தானே இவ்வளவும் பண்றேன்!" என்பார் இவர், தலை நிமிராமல்.

இப்படி வளர்ந்தவளின் பள்ளியில் அறிவியல் கண்காட்சி வந்தது. பம்பு தொழிற்சாலை ஒன்றிலிருந்து பொறியாளர் அம்மா ஒருவர் வருவார். எல்லோரிடமும் பேசிப் பார்த்து, ஒரே ஒரு பெண்ணை விடுமுறையில் பட்டறைப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுப்பார். அந்த இடத்துக்காகப் பாப்பா ஏங்கினாள். ஏங்கினாள் என்றால், சாப்பாட்டுத் தட்டில் விரலால் பம்பு வரைகிற அளவுக்கு. அப்பா அலுவலகத்தில் இருந்த நேரமாகப் பார்த்துத் தகர டப்பாவை வெட்டி இறக்கை செய்தாள், பிளாஸ்டிக் குழாய்க்குள் பொருத்தினாள், பழைய பொம்மைக் காரின் மோட்டாரையும் பேட்டரியையும் கோத்தாள். தண்ணீர் மேலே ஏறியது! அவள் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்து, என்ன சத்தம் என்று கேட்டுவிட்டுப் போனார்.

கண்காட்சி அன்று காலை, அவள் தலை பின்னிக்கொண்டிருந்த நேரத்தில் பம்பு ஊக்கமருந்தின் கண்ணில் பட்டது. "கம்பியெல்லாம் லூசா இருக்கே!" கழற்றினார், முறுக்கினார், திரும்ப மாட்டினார். மகளிடம் மூச்சு விடவில்லை. தெரியாமல் உதவுவதுதானே பெரிய மனசு?

பொறியாளர் அம்மா மேசை முன்னால் வந்து நின்றார். பாப்பா குழாயை வாளித் தண்ணீரில் இறக்கி, சுவிட்சைப் போட்டாள். மோட்டார் ஓடியது. தண்ணீர் வரவில்லை.

"ஏன்மா வரல? என்னவா இருக்கும்னு நினைக்கிற?"

பாப்பா குனிந்து பார்த்தாள். இறக்கை எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அவளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. "மேடம், கம்பி ரெண்டும்..."

"காத்து பிடிச்சிருக்கு மேடம்!" என்றது அவளுக்குப் பின்னால் ஒரு குரல். "குழாய்ல காத்து. சின்னப் புள்ள, பதட்டத்துல இருக்கா."

"நான் அவளத்தான் கேட்டேன் சார்."

"கேளுங்க, நல்லாக் கேளுங்க! தைரியமாச் சொல்லு பாப்பா. பொம்பளப் புள்ள வாயத் திறந்து பேசணும்!"

"காத்து இல்லப்பா, கம்பி மாறி..."

"இரு இரு, அப்பா காட்டுறேன்."

குழாயை உருவினார். குலுக்கினார். வாயை வைத்து ஊதினார். முழங்கை பட்டு வாளி கவிழ்ந்து, அந்த அம்மாவின் செருப்பு தொப்பலாக நனைந்தது. அவர் காலை உதறிக்கொண்டே, "பயிற்சிக்கு நீங்களே வந்துடுறீங்களா சார்?" என்று கேட்டார். நம்மவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். பாராட்டு என்று நினைத்துவிட்டார், பாவி மனிதர்!

இடம் பக்கத்து மேசைப் பெண்ணுக்குப் போனது. அவளுடைய காற்றாலை கோணலாக நின்றது, பேசிக்கொண்டிருக்கும்போதே விழுந்தது. அவளே அதை நிமிர்த்தி வைத்து, ஏன் விழுந்தது என்று மூச்சு விடாமல் சொன்னாள். கொடுத்து வைத்தவள். அவள் அப்பாவுக்கு அன்று லீவு கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பாப்பா பம்போடு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அழுதாள், நன்றாகவே அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றினாள். தண்ணீர் குபுகுபுவென்று ஏறியது. கதவு தட்டப்பட்டது.

"தண்ணி சத்தம் கேக்குதே! காத்து போயிடுச்சா? திற பாப்பா, நான் ஒரு தடவ பாக்குறேன்."

"திறக்க மாட்டேன்ப்பா. இது என்னோடது."

மறுநாள் தேநீர் இடைவேளையில் ஊக்கமருந்து பெருமூச்சு விட்டார். "நாம எவ்வளவுதான் தூக்கி விட்டாலும், இந்த மெஷின் சமாச்சாரத்துல பொண்ணுங்களுக்கு ஈடுபாடு வர மாட்டேங்குது சார்."

அவர் கிடக்கட்டும், திருந்துகிற ஜென்மம் இல்லை. என் சந்தேகமெல்லாம் உங்கள் மேல்தான். மோட்டார் ஓடியும் தண்ணீர் வரவில்லை என்ற இடத்தில், அந்தப் பெண் வாயைத் திறப்பதற்குள், 'காத்துதான், வேறென்ன' என்று மனசுக்குள் தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள் அல்லவா? மழுப்ப வேண்டாம். வீட்டில் பெண் பிள்ளை இருந்தால் ஓர் உதவி செய்யுங்கள். இதை அவளுக்குப் படித்துக் காட்டி, பொருள் சொல்லி விளக்கிக்கொண்டிருக்காதீர்கள். பேசாமல் அவள் கையில் கொடுத்துவிடுங்கள். அவளுக்குப் படிக்கத் தெரியும்.