ஐப்பசியில் அளக்காத சுவர்

உலகத்திலேயே ஒரு கட்டடத்துக்கு நாடி பார்த்த மனிதர் லேபிள் அண்ணாச்சி ஒருவர்தான். கோவில்பட்டிக்குக் கிழக்கே, கரிசல் காட்டுக்கு நடுவில் உள்ள சின்ன ஊர் ஒன்றின் டவுன் ஹாலுக்கு அவர் காவலாளி. சுவரில் எங்கே விரிசல் கண்டாலும் அதன் குறுக்கே ஒரு தீப்பெட்டி லேபிளை ஒட்டி, பென்சிலால் தேதி போடுவார். லேபிள் கிழிந்தால் விரிசல் வளர்கிறது, கசங்கினால் மூடுகிறது. யானை, கிளி, ரோஜா, மயில் என்று ஒட்டி ஒட்டி, தூரத்திலிருந்து பார்த்தால் ஹாலே ஒரு பெரிய தீப்பெட்டிப் பண்டல் போலத் தெரியும்.

ஒருமுறை கல்யாண வீட்டார், போட்டோவுக்கு அசிங்கமாக இருக்கிறதென்று மேடையோரம் இருந்த கிளியைச் சுரண்டிவிட்டார்கள். சரியாக முகூர்த்த நேரத்தில் அண்ணாச்சி மேடையேறிவிட்டார்.

"ஏலே, கிளியை எவம்லே கிழிச்சது?"

மாப்பிள்ளை தாலியைக் கையில் பிடித்தபடியே, "சத்தியமா நான் இல்ல அண்ணாச்சி" என்றாராம்.

கட்டடத்தின் கதையைக் கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். முன்பகுதி வெள்ளைக்காரன் காலத்துச் சுண்ணாம்புக் காரை, தேக்கு உத்தரம். மேடை பிற்பாடு வந்த சிமெண்ட். "சுண்ணாம்பு நெளிஞ்சு குடுக்கும். சிமெண்ட் வெறச்சுக்கிட்டு நிக்கும். ரெண்டும் சேருத எடத்துலதான் சண்டை" என்பார்.

அந்தச் சண்டையை அளக்கத்தான் அரசாங்க இன்ஜினீயரான நான் போனேன். ஹாலை வைத்துக்கொள்வதா, இடிப்பதா என்று அறிக்கை எழுத வேண்டும். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவன் நான். சொன்ன நாளுக்குள் அறிக்கை கொடுக்காவிட்டால் பட்டத்தையே திரும்ப வாங்கிக்கொள்வார்கள் என்று நம்பியவன். சித்திரை வெயிலில் கரிசல் மண் கால் நுழையும் அளவுக்குப் பிளந்து கிடந்தது. ஹால் சுவரில் என் சுண்டுவிரல் நுழைந்தது.

"தம்பி, இப்பப் போயி அளக்குதியளே! மண்ணு காஞ்சா செவரு வாயத் தொறக்கும். ஐப்பசி மழையில மூடிக்கிடும். அப்ப ஒருக்கா வந்து அளந்துட்டு எழுதுங்க."

"வெள்ளிக்கிழமைக்குள்ள அறிக்கை குடுக்கணும் அண்ணாச்சி."

"செவருக்கு வெள்ளிக்கிழமை தெரியாதுல்லா?"

சிரித்துவிட்டு வந்தேன். 'பயன்படுத்தத் தகுதியற்றது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இடிக்கும் இயந்திரம் கார்த்திகையில் வந்தது. நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. மனசு கேட்காமல் நானும் போனேன். என் விரல் நுழைந்த இடத்தில், சித்திரையில் அவர் ஒட்டிய யானை கசங்கி, முதுகு புடைத்து நின்றது. விரிசலுக்குள் ஒரு தாளைக்கூடச் செருக முடியவில்லை. அங்கிருந்தே அலுவலகத்துக்குப் போன் செய்தேன். ஆணை போனது போனதுதான் என்றார்கள். முன்சுவர் விழ மூன்று நாள் பிடித்தது. அந்த மூன்று நாளும் அண்ணாச்சி எதிர் டீக்கடையில் தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

இப்போது அங்கே புதுச் சமுதாயக் கூடம் ஆழமான கான்கிரீட் தூண்களின் மேல் நிற்கிறது. ஒரு விரிசல் கிடையாது. அண்ணாச்சிக்கு ஒட்ட இடமும் கிடையாது. வாசல் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். போன மாதம் அவரிடம் மன்னிப்புக் கேட்கப் போய், பக்கத்தில் நின்றேன். அந்த வழியாகச் சைக்கிளில் வந்த ஒருவர் காலை ஊன்றி நின்றார்.

"ஏ அண்ணாச்சி, பழைய ஹாலு மலை மாதிரில்லா நின்னுச்சு! இடிக்கச் சொல்லி எழுதுனது எந்தக் கூறுகெட்ட பய?"

அண்ணாச்சி என் பக்கம் திரும்பவே இல்லை.

"அவன் யாரோ மெட்ராஸ்காரன். பேரு மறந்துபோச்சு."

என் ஊர் பக்கத்திலிருக்கும் எப்போதும்வென்றான் என்று அவருக்குத் தெரியும். என் பெயரும் தெரியும். சைக்கிள் போனதும், கொஞ்சம் நகர்ந்து பெஞ்சில் எனக்கு இடம் விட்டார்.