மூடினால் கை, திறந்தால் வால்

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

உன் தம்பி வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூவரும் உடலளவில் சுகம். நீயும் அத்தானும் மனதளவிலும் சுகமாக இருப்பீர்கள். நீ வாங்கி அனுப்பிய படப் புத்தகம் இப்போது எங்கள் வீட்டில் அல்லவா இருக்கிறது!

நாலு வயதுப் பிள்ளைக்குப் படத்தைக் காட்டினால் எழுத்து தானாக வரும் என்று நீ சொன்னதை நம்பி, மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து தினமும் சீக்கிரம் கிளம்பி வந்து உட்கார்ந்தேன். அணில் பக்கத்தைத் திறந்து "இது என்ன எழுத்து?" என்றால் "வால்" என்கிறாள் உன் மருமகள். படம்தான் குழப்புகிறது என்று அதைக் கையால் மூடி, "இப்போ சொல்லு" என்றேன். "கை" என்றாள். கைக்குட்டையால் மூடினேன். "அணிலுக்குக் குளிருதாப்பா?" என்று கேட்டவள், அது தூங்குகிறது என்று அன்று முழுதும் யாரையும் புத்தகத்தைத் தொடவிடவில்லை. மறுநாள் 'ஈ' பக்கத்தைத் திறந்து வைத்தேன். படம் அவ்வளவு தத்ரூபம். கூட்டிக்கொண்டே வந்த இவள் அம்மா துடைப்பத்தால் ஒரே போடு போட்டாள். அதிலிருந்து அந்தப் பக்கம் வந்தால் குழந்தை "பாவம்" என்கிறாளே தவிர 'ஈ' என்று வாயைத் திறப்பதில்லை. தொழில் புத்தி விடுமா, கண்ணில்தான் கோளாறு என்று கடைக்குக் கூட்டிப்போய்ச் சோதித்தேன். பலகையில் கடைசி வரி வரை தெரிகிறதாம். பலகைக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பல்லியின் காலும் தெரிகிறதாம்.

இந்த லட்சணத்தில் நேற்று மழலையர் பள்ளியில் நேர்முகம். தலைமையாசிரியை 'அ' போட்டு, கீழே புடவை கட்டிய ஒரு பெண் படம் இருந்த அட்டையைக் காட்டினார்.

"இது யாரும்மா?"

"தெரியல."

"நல்லாப் பாரு. அம்மா!"

"எங்கம்மா இல்ல. எங்கம்மா வெளியில செருப்புக்குக் காவல் இருக்காங்க."

நான் பின்னால் நின்று 'அ... அ...' என்று வாயைத் திறந்து காட்டினேன். "சாருக்குப் பல்வலியா?" என்றார் அவர். "கொட்டாவி மிஸ், எங்கப்பா எப்பவும் இப்படித்தான்" என்றாள் இவள். சிரித்து முடிக்கவே அவருக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. முடித்தபின் "ஒரு மாசம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். குழந்தை வீடு வரும்வரை பாடிக்கொண்டே வந்தாள்.

ஆகவே புத்தகத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். எங்களுக்கு வாய்க்காத அமைதி உன் வீட்டிலாவது நிலைக்கட்டும்.

என்றும் உன் சொல் கேட்டுக் கெட்ட,
தம்பி.

பின்குறிப்பு: மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள். நான் உறை தேடிப் போன நேரத்தில் உன் மருமகள் பேனாவோடு இந்தக் கடிதத்தின்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, பாழாக்கிட்டியே!" என்றேன். "நீங்க படமே போடலையே, அத்தைக்கு எப்படிப் புரியும்?" என்றாள். பெரிய கொண்டையோடு அங்கங்கே தெரியும் வட்ட முகங்கள் எல்லாம் நீதான். ஒவ்வொரு 'அ' தலைமேலும் ஒரு அத்தை! நானும் இவள் அம்மாவும் இரண்டு முறை சரிபார்த்தோம். ஒரு 'அ'கூட விடுபடவில்லை, எந்த 'ஆ' மேலும் நீ இல்லை. புத்தகத்தை அனுப்பவில்லை. இந்தக் கடிதத்தைத் தலைமையாசிரியையிடம் காட்டியாக வேண்டும். படித்த கையோடு திருப்பி அனுப்பு.