நாணற்காட்டுக் கல்யாணத்துக்கு இருபது நிமிஷம்

ஒரு காட்டில் மயிலும் எருமையும் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்தன. பேருந்துகூட எட்டிப் பார்க்காத காடு. ஆனால் விமான நிலையம் இருந்தது. பெரிய ஏரிக்கு அக்கரையில், அதே போன்ற நாணற்காட்டிலும் ஒன்று இருந்தது.

நாணற்காட்டில் கொக்கின் மூத்த மகளுக்குக் கல்யாணம். இரண்டு பேருக்கும் அழைப்பு வந்தது.

மயில் போனைத் தட்டிப் பார்த்தது. “ஆகாய வழியில நாப்பது கிலோமீட்டர்தான், அண்ணே. இருபது நிமிஷப் பயணம்.”

“உனக்குத்தான் இறக்கை இருக்கே தம்பி.”

“பட்டு வேட்டி கட்டிக்கிட்டுப் பறந்தா நாலு பேர் என்ன நினைப்பாங்க?”

எருமை முதல் நாளே ஏரியில் இறங்கி நீந்தத் தொடங்கியது. மயில் மறுநாள் விடியலில் விமான நிலையம் போனது. அங்கிருந்த நரி பணிவாகச் சொன்னது: “நேர் விமானம் கிடையாதுங்க. தலைநகரம் போய் மாறணும்.”

“அது எதிர்த்திசையாச்சே?”

“சிங்கம் அங்கேதானே இருக்காரு. எல்லா விமானமும் அவரைப் பார்த்துட்டுத்தான் போகும்.”

தலைநகரத்தில் ஒரே மூடுபனி. மயில் தோகையைச் சுருட்டிக்கொண்டு நாற்காலியிலேயே தூங்கிப்போனது.

எருமையோ அதற்கு முந்தின சாயங்காலமே கரையேறிவிட்டது. “நல்லவேளை வந்தீங்க,” என்று கொக்கு கையைப் பிடித்துக்கொண்டது. பிடித்த கையில் பூசணிக்காயைக் கொடுத்தது. எருமை காய் நறுக்கியது, பந்தல்கால் ஊன்றியது, தண்ணீர் சுமந்தது. தாலி கட்டும்போது சாம்பார் அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தது. கெட்டிமேளம் காதில் விழுந்ததோடு சரி.

கடைசிப் பந்தி முடியும்போது மயில் வந்து நின்றது.

“பாவம், விமானத்துல வந்திருக்காரு!” மொத்தக் கல்யாண வீடும் ஓடி வந்தது. தனி இலை போட்டார்கள். பெண் மாப்பிள்ளை நடுவில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். மயிலின் பெட்டியைத் தூக்கிவைக்க எருமையைக் கூப்பிட்டார்கள். எருமை தூக்கிவைத்தது. ஊர் திரும்பும் வழியெல்லாம் அதற்கு நீச்சலே கசந்தது.

அடுத்த தையில் கொக்கின் இளைய மகளுக்குக் கல்யாணம். இம்முறையும் எருமை முதல் நாளே போய்விட்டது. ஆனால் கரையேறவில்லை. நாணலுக்குள் சேற்றில் மூக்கு மட்டும் தெரியப் படுத்து, நாதஸ்வரத்தைச் சுகமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. கெட்டிமேளம் ஓய்ந்ததும் எழுந்து உடம்பை உதறிவிட்டு மண்டபத்துக்குள் நுழைந்தது.

“இப்பத்தான் விமானம் இறங்குச்சு.”

“உடம்பெல்லாம் ஈரமா இருக்கே?” என்றது கொக்கின் மனைவி.

“தலைநகரத்துல மழை.”

அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. “முதல்ல இவருக்கு இலை போடுங்க.”

பாயச வாளியோடு வந்தது மயில். தோகை முழுக்க மஞ்சள்தூள். “அலைச்சல் வேண்டாம்னு இந்தத் தடவை பறந்தே வந்தேன், அண்ணே,” என்று மெல்லச் சொன்னது. “நேத்துக் காலையிலேயே வந்துட்டேன்.”

எருமை இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னது.

நீதி: கல்யாணத்துக்கு எவ்வளவு சீக்கிரம் வேண்டுமானாலும் போகலாம். தாலி ஏறும்வரை யார் கண்ணிலும் படக் கூடாது.