ஸ்டோர் கீப்பர் வாயைத் திறந்தார்

பாட்டு முடிந்துவிட்டது, ஸ்டோர் கீப்பரின் வாய் மட்டும் இன்னும் பாடிக்கொண்டிருந்தது.

"வாயை மூடுங்க சார்," என்றாள் ரிசப்ஷன் பெண். காலையிலிருந்து ஒத்திகையில் இதே கதைதான்.

முன்பெல்லாம் பாடத் தெரிந்தவன் பாடினான், தெரியாதவன் கைதட்டினான். இப்போது வாய் இருந்தால் போதும். ஓடுகிற பாட்டுக்கு உதட்டை அசைத்துவிட்டுப் பரிசோடு வீட்டுக்குப் போகலாம். தெருவுக்குத் தெரு வாயசைப்புப் போட்டி. பல் ஆஸ்பத்திரியில்கூட ஒன்று நடந்ததாம். அந்தப் பைத்தியம் ஸ்டோர் கீப்பர் வேலை பார்க்கும் பூட்டுக் கம்பெனியின் முதலாளியையும் பிடித்துக்கொண்டது. பிரிவுக்கு ஒருவர் கட்டாயம் மேடை ஏற வேண்டும் என்றார்.

மேனேஜர் ஸ்டோர் கீப்பரைப் பிடித்துப் போட்டார். ஸ்டோர் கீப்பருடைய மனைவியும் குழந்தையும் வேறு ஊரில். அந்த ஊர்க் கிளைக்கு மாற்றல் கேட்டு அவர் கொடுத்த மனு மேனேஜரின் மேஜைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. "முதல் பரிசோட வாங்க, கையெழுத்து போடறேன்," என்றுவிட்டார் மேனேஜர். குழந்தையோ போனில் அப்பாவை 'அங்கிள்' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தது. அதைக் கேட்டதிலிருந்து ஸ்டோர் கீப்பருக்குச் சோறு இறங்கவில்லை.

கிடைத்த பாட்டு ஒரு தாலாட்டு. சாவி நம்பர் தவிர வேறெதுவும் அவர் மண்டையில் நிற்காது. வரிகளை மறந்துவிட்டு வாய்ப்பாடு சொல்லச் சொன்னாள் ரிசப்ஷன் பெண். சொன்னார். பிள்ளையைத் தூங்க வைக்கிற முகமாக இல்லை, சரக்கு எண்ணுகிற முகமாக இருந்தது. உதடு தெரியாமல் பெரிய ஒட்டு மீசை வைத்துப் பார்த்தார்கள். மீசை மூக்கில் ஏறி, ஒரு தும்மலில் பறந்து, ஃபோர்மேனின் டீக்குள் விழுந்தது.

ஃபோர்மேன் மீசையை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு ஒரு யோசனை சொன்னார். "வார்த்தைய விடுங்க, முகத்துல உணர்ச்சி வேணும். யார் மேலயாவது கோவம் இருக்கும்ல? சத்தமில்லாம அதைச் சொல்லுங்க. பாட்டு ஓடும்போது யாருக்குத் தெரியப்போவுது?"

யார் மேல் என்று ஸ்டோர் கீப்பர் தேட வேண்டியிருக்கவில்லை.

சாயங்காலம் அரங்கம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் முதலாளி, மேனேஜர், பக்கத்தில் நடுவர் அம்மாள். உதட்டைக் கவனிப்பதில் இவரை மிஞ்ச ஆளில்லை என்று மேனேஜரே வரவழைத்தவர்.

தாலாட்டு ஒலித்தது. ஸ்டோர் கீப்பர் மேனேஜரைத் திட்ட ஆரம்பித்தார். தூங்குகிற மனுவைச் சொன்னார். அடுத்தவன் வேலைக்குத் தன் பெயரைப் போட்டுக்கொள்வதைச் சொன்னார். அடுத்தவன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து ருசி பார்ப்பதையும் விடவில்லை. குழந்தையை நினைத்ததும் கண்ணில் நீர் முட்டியது. அரங்கமே உருகியது, மேனேஜர் மூக்கை உறிஞ்சினார். நடுவர் அம்மாள் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

போச்சு, கண்டுபிடித்துவிட்டார் என்று ஸ்டோர் கீப்பர் மேடையிலிருந்து அவசரமாக இறங்கினார்.

ஆனால் முதல் பரிசு அவருக்குத்தான். ஒரு வார்த்தைகூடப் பொருந்தாத வாய்க்கு ஏன் பரிசு, சிரித்தவரே ஏன் கொடுக்கிறார், ஒன்றும் விளங்கவில்லை. கோப்பையை நீட்டிய அம்மாள் அவர் பக்கம் குனிந்தார்.

"நாளைக்கே மாற்றல் ஆர்டர் வந்துடும். மூட்டையைக் கட்டி வைப்பா."

ஸ்டோர் கீப்பர் கோப்பையை வாங்க மறந்தார். "மாற்றல் விஷயம் உங்களுக்கு யார் சொன்னாங்கம்மா?"

"நீதான். இப்ப, மேடையில."

ஸ்டோர் கீப்பர் மேனேஜரைப் பார்த்தார். அவர் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். "அம்மா, அது வந்து... பாட்டுல..."

"பாட்டா? எனக்குக் காது கேக்காதுப்பா, உதட்டைத்தான் படிப்பேன். நீ சொன்னதுல ஒண்ணுகூடப் பொய் இல்ல, அவனை வளர்த்த அக்கா எனக்குத் தெரியாதா?"