பிரசங்கத்துக்கு எட்டாத செய்தி

தியானப் போதகர் என்றொரு இனம் உண்டு. வெறுமனே ஜெபம் பண்ணுகிற போதகரோடு இவரைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அவர் பாவம், கண்ணை மூடுவார், ஆண்டவரிடம் பேசுவார், கண்ணைத் திறப்பார், சாப்பிடப் போவார். நம்மவர் அப்படியல்ல. பற்பசை தீர்ந்துபோனால் நமக்கெல்லாம் பற்பசைதான் தீர்ந்துபோகும்; இவருக்கோ கடைசிச் சொட்டுவரை பிதுக்கப்படுகிற விசுவாசியின் வாழ்க்கை கண்முன் விரியும். குழாயில் தண்ணீர் வராவிட்டால் காத்திருத்தலைப் பற்றி ஒரு சிந்தனை, வந்துவிட்டால் நன்றியறிதலைப் பற்றி ஒன்று, சேறாக வந்தால் அதைவிட விசேஷம், உள்ளத்தின் சுத்திகரிப்பைப் பற்றி வாரக்கணக்கில் ஒரு தொடர். உங்கள் ஊரிலும் ஒருவர் இருப்பார். மின்யா என்ற நகரத்தில் இருப்பவர் பெயர் பொக்தோர் வஹ்பா.

ரயில் பாதைக்கு மேற்கே, மருந்துக்கடைச் சந்துக்குள் இருக்கிற சின்ன சபைக்கு அவர் போதகர். ஐம்பதை நெருங்குகிறவர், பருத்தவர், நல்ல மனிதர். நல்ல மனிதர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம். யாருக்காவது காய்ச்சல் என்றால் முதல் ஆளாக மாடிப்படி ஏறி மூச்சு வாங்க நிற்பார். நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு உண்மையாகவே கண் கலங்குவார். தொல்லை அதற்குப் பிறகுதான். படி இறங்குவதற்குள் அந்தக் காய்ச்சல் அவருடைய சொத்தாகிவிடும். மறுநாள் விடிந்ததும் "காலைத் துளி" என்ற பெயரில் சபையார் எல்லோருடைய கைபேசிக்கும் அவர் அனுப்புகிற குரல்பதிவில் அது வரும். ஞாயிறு மாலை ஆராதனையில், மசாலாவெல்லாம் சேர்த்து, மறுபடியும் வரும்.

பெயர் மட்டும் சொல்லமாட்டார். அதில் மகா கண்டிப்பு.

"நம்ம சபையில ஒரு சகோதரி, பேரு வேண்டாம்," என்று ஆரம்பிப்பார். "மருந்துக்கடை வெச்சிருக்காங்க."

அந்தச் சபையில் மருந்துக்கடை வைத்திருப்பவர் மதாம் தெரீஸ் ஒருத்திதான். எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் அவள் பக்கம் திரும்பும்.

"அவங்களுக்கும் அவங்க மருமகளுக்கும் பேச்சுவார்த்தை இல்ல. மனத்தாங்கல் எப்படி ஜெபத்துக்குக் குறுக்கே சுவரா நிக்குதுன்னு நான் அன்னிக்கி யோசிச்சேன், பிரியமானவர்களே."

தலைகள் இப்போது மருமகளைத் தேடும்.

இப்படிச் சில வருஷம் போனது. விளைவு என்ன தெரியுமா? மின்யா முழுக்கத் தேடினாலும் அந்தச் சபையைப் போல் ஆரோக்கியமும் மகிழ்ச்சியும் கொழிக்கிற இன்னொரு சபை கிடையாது என்றாகிவிட்டது. எப்படி இருக்கிறீர்கள் என்று போதகர் கேட்டால் போதும், ஆண்டவருக்கு ஸ்தோத்திரம், ஒரு குறையுமில்லை என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். காலில் மாவுக்கட்டோடு வந்த ஒருவர், "இது சும்மா" என்றார். வேலை போனவன் விடுமுறை என்றான். புருஷனோடு சண்டை போட்டுத் தாய்வீடு வந்தவள், சும்மா பார்த்துவிட்டுப் போக வந்ததாகச் சொல்லி இரண்டு பெட்டிகளையும் முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தாள். போதகர் பூரித்துப்போனார். எல்லாம் ஜெபத்தின் பலன் என்று நினைத்தார்.

ஆனால் தியானிக்கிறவருக்குத் தினமும் தீனி வேண்டுமே. சபை வற்றிப்போனதும் அவர் வீட்டுக்குள் இறங்கினார். வீட்டில் மனைவி இன்ஸாஃப் மட்டும்தான். பெண்கள் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவள், நாற்பதைத் தாண்டியவள், வார்த்தைகளைக் கரண்டியால் அளந்து போடுகிறவள். பிள்ளை இல்லை. அவள் சோற்றைத் தீயவிட்டால் அது ஞாயிற்றுக்கிழமை புகைந்தது. மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் வைத்துக்கொண்டு வீடெங்கும் தேடினாள் என்றால், நம்மிடமே இருக்கிற கிருபையை நாம் வெளியே தேடுகிறோம் என்று சபை முழுக்க அறிந்துகொண்டது. கடைசியில் இன்ஸாஃப் சம்பவங்களே இல்லாமல் வாழப் பழகிக்கொண்டாள். தும்மக்கூட மாட்டாள். அவர் குளிக்கப் போன பிறகுதான் தும்முவாள்.

இப்படியிருக்க, ஒரு சனிக்கிழமை காலை பொக்தோர் வழக்கம்போல அவித்த மொச்சை வாங்க ஹாஜ் மஹ்ரூஸின் தள்ளுவண்டிக்குப் போனார். மஹ்ரூஸ் பெரிய செப்புக் குடத்துக்குள் நீளக் கரண்டியை விட்டுக் கிளறிக்கொண்டிருந்தார்.

"வழக்கமானதுதானே, போதகரையா?"

"ஆமா ஹாஜ். பூண்டு கொஞ்சம் தூக்கலா."

"உங்களுதுல போடறேன். அம்மாவோடதுல வேண்டாம்," என்றார் மஹ்ரூஸ், வேலையில் கண்ணாக. "மசக்கைக்காரிக்குப் பூண்டு வாடை குடலைப் புரட்டும். எங்க வீட்டுல ஒவ்வொரு தடவையும் இதே கூத்துதான்."

இந்த இடத்தில் வேறு எந்தப் புருஷனாக இருந்தாலும் என்ன செய்திருப்பான்? பொக்தோர் கைபேசியை எடுத்தார். ஒருவனுக்கு மணமாக இருப்பதே இன்னொருவனுக்குக் குமட்டலாக இருக்கிறது, சத்தியமும் அப்படித்தானே! எத்தனை நாளைக்குப் பிறகு இப்படி ஒரு பொருள்! பதிவுப் பொத்தானை அழுத்தி, "பிரியமானவர்களே, இன்னிக்கி மொச்சை வண்டியில பூண்டு ஒரு காரியத்தை எனக்குப் போதிச்சுது," என்று தொடங்கினார்.

அப்புறம் நிறுத்தினார்.

"ஹாஜ், யாரு மசக்கை?"

மஹ்ரூஸ் குடத்துக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே ஏதோ அவசரமான விஷயம் நடப்பதுபோல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏதோ வாய்தவறி வந்திருச்சு."

"அம்மான்னீங்களே. எந்த அம்மா?"

"எனக்கு யாரும் எதுவும் சொல்லல, போதகரையா. தெரீஸ் மதாம் சொன்னாங்கன்னு நான் சொன்னதா மட்டும் சொல்லிராதீங்க."

மொச்சையை வாங்காமலே பொக்தோர் ஓடினார். பருத்த மனிதர் சந்து வழியாக ஓடுவதைக் கண்டு தையற்காரர் எழுந்து நின்றார். மருந்துக்கடையில் மதாம் தெரீஸ் அவருடைய முகத்தைப் பார்த்தாள், ஓட்டத்தைப் பார்த்தாள், எல்லாம் தெரிந்துபோயிற்று என்று புரிந்துகொண்டாள்.

"நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். இன்ஸாஃபுக்குச் சத்தியம் பண்ணிக்குடுத்திருக்கேன்."

"அப்ப நிஜம்தானா?"

"சத்தியம் பண்ணிட்டேன்னு சொல்றேனே."

"ஊருல யாருக்கெல்லாம் தெரியும்?"

தெரீஸ் யோசித்தாள். "தெரியாதவங்களை எண்ணினா சீக்கிரம் முடியும். நீங்க."

"எனக்கு ஏம்மா யாரும் சொல்லல? நான் போதகர். புருஷன் வேற."

"உங்ககிட்ட சொன்னா ஞாயித்துக்கிழமை நீங்க எங்களுக்குச் சொல்லுவீங்க. தெரிஞ்ச விஷயத்தை எத்தனை தடவைதான் கேக்கறது?" என்றாள் தெரீஸ். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "வீட்டுக்குப் போங்க. மெதுவா போங்க. போனதும் பிரசங்கம் ஆரம்பிச்சிராதீங்க."

இன்ஸாஃப் சமையலறை மேஜையில் உட்கார்ந்து எள் தூவிய காய்ந்த ரொட்டிக்குச்சியை எலி மாதிரி ஓரத்திலிருந்து கொறித்துக்கொண்டிருந்தாள். கையில் மொச்சை இல்லாமல், வேர்த்து விறுவிறுத்து, அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாத முகத்தோடு வாசலில் நின்ற புருஷனைப் பார்த்தாள்.

"மஹ்ரூஸா, தெரீஸா?"

"ரெண்டு பேரும். இன்ஸாஃப், இந்த வயசுல நமக்கு, இது எப்பேர்ப்பட்ட..."

"ஆரம்பிக்காதே."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"உன் கை மேல போயிருச்சு பாரு. பீடத்துல நிக்கிற மாதிரி."

பொக்தோர் தன் வலது கையைப் பார்த்தார். அது தலைக்கு மேலே நின்றுகொண்டிருந்தது. மெதுவாக இறக்கிக்கொண்டார்.

"நாலு மாசம் தாண்டட்டும்னு இருந்தேன்," என்றாள் இன்ஸாஃப். "உன்கிட்ட சொன்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா? வேதத்துல வயசான காலத்துல பிள்ளை பெத்த அம்மாக்கள் எத்தனை பேரோ, அத்தனை பேரையும் கூட்டிட்டு வந்து என் பக்கத்துல வரிசையா உட்கார வெச்சிருப்பே. ஊரே என் வயித்தைப் பாத்து ஆமென் சொல்லும்."

"அது சாட்சி, இன்ஸாஃப். கஷ்டத்துல இருக்கிற எத்தனை பேருக்கு..."

"மாதுளைப் பூ ஞாபகம் இருக்கா?"

எப்படி இல்லாமல் போகும்? அது அவருடைய வாழ்நாளிலேயே சிறந்த பிரசங்கம். கல்யாணமான புதிதில் இன்ஸாஃபுக்குக் கரு கலைந்துபோனபோது, அடுத்த ஞாயிற்றுக்கிழமை, காய்க்காமல் உதிர்ந்துபோகிற மாதுளைப் பூவை வைத்துப் பேசினார். பெண்கள் விம்மி அழுதார்கள். அஸ்யூத் நகரத்திலிருந்துகூட ஒலிப்பதிவு கேட்டு ஆள் அனுப்பினார்கள். இன்றைக்கும் யாராவது அதைப் பற்றிப் பேசினால் அவருக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிரும்.

"நான் முன்வரிசையில உட்கார்ந்திருந்தேன்," என்றாள் இன்ஸாஃப். சத்தம் உயரவில்லை. "எனக்கு இன்னும் ரத்தமே நிக்கல, பொக்தோர். நீ பூன்னு சொல்லிட்டிருந்தே."

"உனக்கு ஆறுதலா இருக்கும்னுதான்..."

"எனக்குன்னா என்கிட்ட சொல்லியிருக்கணும். வீட்டுல. நீ ஊருக்கெல்லாம் சொல்லி முடிச்சிட்டு வந்து, அசந்து, சாப்பிட்டுத் தூங்கிட்டே."

பொக்தோர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். வாசகர்களே, இங்கேதான் அந்த அதிசயம் நடந்தது. அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒரு சிந்தனை இல்லை, ஒரு பொருத்தம் இல்லை, ஒரு வசனம் இல்லை. முன்வரிசையில் கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணைத்தான் பார்த்தார். அன்றைக்கு அவளைத் தவிர எல்லோரையும் பார்த்திருந்தார்.

"நான் இப்ப என்ன பண்ணணும்?" என்று கேட்டார் கடைசியில்.

"பயமா இருக்கு எனக்கு. பக்கத்துல உட்கார். ஒண்ணும் சொல்லாதே."

உட்கார்ந்தார். அவள் ஒரு ரொட்டிக்குச்சியை அவர் பக்கம் நகர்த்தினாள். அவரும் கொறித்தார். ஜெபித்தார் என்றுதான் நினைக்கிறேன். உதடு அசையவில்லை, ஆனால் அவளுடைய கையை அவர் பிடித்திருந்த பிடியில் ஏதோ கெஞ்சல் இருந்தது.

சொல்லாமல் இருப்பது சனிக்கிழமை எளிது. ஞாயிற்றுக்கிழமைதானே சோதனை? அன்று மாலை சபையில் நிற்க இடமில்லை. ஈஸ்டருக்கு மட்டும் வருகிறவர்கள் வந்திருந்தார்கள். போதகரோடு கோபித்துக்கொண்டு வேறு சபைக்குப் போனவர்கள் வந்திருந்தார்கள். சொல்வாரா மாட்டாரா என்று பந்தயம் கட்டியவர்களும் உண்டு; கர்த்தருடைய வீட்டில் பணம் வைக்கக் கூடாது என்பதால் கொழுக்கட்டை மாதிரி பாகில் ஊறிய பலகாரம் வைத்தார்கள். ஹாஜ் மஹ்ரூஸ் முஸ்லிம், சபைக்குள் வருகிறவர் இல்லை. அதனால் ஜன்னலுக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு, தற்செயலாக நிற்பதுபோல் நின்றார். இன்ஸாஃப் முன்வரிசையில் நேராக உட்கார்ந்திருந்தாள்.

பொக்தோர் பீடத்தில் ஏறினார். பாவம், வேதத்தில் இத்தனை பிறப்புகள் இருக்கின்றன என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. காத்திருத்தலைப் பற்றி இரண்டு வாக்கியம் பேசினார். அது தொட்டில் பக்கம் போகிறது என்று கண்டு நிறுத்தினார். சரி என்று விதையைப் பிடித்தார். அது முளைக்கப் பார்த்தது. விட்டுவிட்டார். கனி என்ற சொல் வாயில் வந்ததும் பின்வரிசையில் யாரோ இருமினார்கள். தண்ணீர் குடித்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். முகம் பழுத்த தக்காளியாகிவிட்டது. உள்ளேயிருந்து அந்தச் செய்தி, கொதிக்கிற பானையின் மூடியைத் தள்ளுவதுபோல் தள்ளிக்கொண்டிருந்தது.

"நம்ம சபையில ஒரு சகோதரி," என்று வாய் தானாகவே ஆரம்பித்துவிட்டது.

இன்ஸாஃப் கண்ணை மூடிக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே மஹ்ரூஸ் கரண்டியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தார்.

போதகர் முன்வரிசையைப் பார்த்தார். வேறு யாரையும் பார்க்கவில்லை.

"அவங்களைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல," என்றார். "ஜெபிப்போம்."

எல்லோரும் தலை குனிந்தார்கள். அவரும் குனிந்தார். நீண்ட நேரம் ஒரு சொல்லும் வரவில்லை. பிறகு "ஆமென்" என்றார். அந்தச் சபை தொடங்கிய நாளிலிருந்து அதுபோல ஒரு சின்னப் பிரசங்கம் நடந்ததில்லை.

முதலில் குலவை போட்டது மதாம் தெரீஸ்தான். ஆராதனையில் குலவை போடுவது அங்கே வழக்கமில்லை. ஆனால் அடுத்தது அவள் மருமகள், அதற்கடுத்தது பெண்கள் பக்கம் முழுவதும், கூரை அதிர்ந்தது. மூப்பர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். என்ன விசேஷம் என்று ஒருவரும் சொல்லவில்லை, ஒருவரும் கேட்கவுமில்லை. மஹ்ரூஸ் கரண்டியால் செப்புக் குடத்தைத் தட்டோ தட்டென்று தட்டினார். இன்ஸாஃப் சிரித்த சிரிப்பில் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொள்ள வேண்டியதாயிற்று. பொக்தோர் பீடத்திலேயே நின்றார். வாயைத் திறக்கவில்லை. பந்தயத்தில் தோற்றவர்கள்தான் அன்றைக்கு அதிகம். அவர்கள்தான் அதிகமாகக் கைதட்டினார்கள்.

குளிர்காலத்தில் பெண் குழந்தை பிறந்தது, தாயும் சேயும் நலம். ஃபெபி என்று பெயர் வைத்தார்கள். போதகர் திருந்திவிட்டாரா என்கிறீர்களா? இந்த இனம் அப்படியெல்லாம் திருந்தாது. துவைத்த துணியிலும் பால் பொங்குவதிலும் இன்னும் அவருக்கு ஏதேதோ தென்படத்தான் செய்கிறது. ஆனால் இப்போது அதையெல்லாம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அதன் காதில் சொல்கிறார். அது கேட்டுக்கொண்டே தூங்கிவிடுகிறது. சபையார் அந்தக் குழந்தைக்கு ரொம்பவும் கடன்பட்டிருக்கிறார்கள்.

சரி, நீங்கள் ஏன் இங்கும் அங்கும் பார்க்கிறீர்கள்? இதைப் படித்ததிலிருந்து அழகான ஒரு கருத்து மனதில் உருவாகியிருக்கும். கணவன் மனைவியைப் பற்றியோ, மௌனத்தைப் பற்றியோ. நாலு பேருக்குப் பிரயோஜனப்படுமே, சுருக்கமாக அனுப்பிவைப்போமே என்று கை கைபேசியைத் தேடிப் போயிருக்குமே. அதை அப்படியே கீழே வையுங்கள். பக்கத்து அறையில் உங்கள் வீட்டார் யாரோ, நீங்கள் இல்லாத நேரமாகப் பார்த்து, மெதுவாகத் தும்மிக்கொண்டிருக்கக்கூடும்.