டெஸ்ட் நாளில் ஒரு பிரெஞ்சு கிராமம்

விஜயபாஸ்கர் அந்தச் சனிக்கிழமை ஒரு முடிவோடு எழுந்தார். மனைவி நாகஜோதி இன்றைக்கு டிரைவிங் டெஸ்டுக்குப் போகக்கூடாது. போனால் பாஸாகிவிடுவாள். பாஸானால் கார் போய்விடும்.

கார் என்றால் வெறும் காரா? அஜ்மானிலிருந்து துபாய் ஆபீஸுக்குப் போகும் டிராஃபிக்கில் ஊரே ஹாரனை அமுக்கித் திட்டிக்கொண்டிருக்கும். அவர் மட்டும் சமோசாவைக் கடித்தபடி ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பார். "எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம்" என்று சொல்ல ஆளில்லாத ஒரே இடம் அது. அதற்குத்தான் நாகஜோதி வேட்டு வைத்திருந்தாள். "லைசென்ஸ் வந்ததும் உங்களக் காலையில பஸ் ஸ்டாப்புல இறக்கி விட்டுடறேன். வண்டி என்கிட்ட இருக்கட்டும்."

டெஸ்ட் பதினோரு மணிக்கு. இதை விட்டால் அடுத்த தேதிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றும் அவளே சொல்லியிருந்தாள். அதற்குள் அவளுக்கு ஆர்வம் விட்டுப்போகும் என்று விஜயபாஸ்கர் கணக்குப் போட்டார்.

காபியை உறிஞ்சிக்கொண்டே, அப்போதுதான் தோன்றியது போல ஆரம்பித்தார்.

"ஜோதி, திடீர்னு ஒரு ஆசை. மலைப்பக்கம் பிரெஞ்சு கிராமம் மாதிரியே கட்டி வச்சிருக்கானே, நீகூட மூணு வருஷமாக் கேக்குறியே, போவமா?"

"இன்னைக்கா? டெஸ்ட் இருக்கேங்க."

"யல்லான்னு உடனே கிளம்பினா அரை மணி நேரம். டெஸ்டுக்கு முன்னாடி மனசு அமைதியா இருக்கணும். அங்க ஒரே அமைதியாம்."

அவள் அவரை உற்றுப் பார்த்தாள். அவர் காபி டம்ளருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"சரி, கிளம்புங்க" என்றாள்.

டெஸ்டுக்குப் போகிறவள் புதுப்புடவை கட்டியபோதே அவர் சுதாரித்திருக்க வேண்டும். டப்பாவில் புளியோதரையை அடைத்தபோதாவது சுதாரித்திருக்கலாம். ஆனால் ஜெயித்த மிதப்பில் இருந்த மனுஷனுக்கு எதுவும் கண்ணில் படவில்லை.

அரை மணி நேரம், ஒன்றரை மணி நேரமாக நீண்டது. லாரிகளெல்லாம் அவரை முந்திக்கொண்டு போயின. நாகஜோதி கைக்கடிகாரத்தைப் பார்த்தபோதெல்லாம் அவர் இன்னும் கொஞ்சம் வேகத்தைக் குறைத்தார்.

"ஏங்க இவ்வளவு மெதுவா?"

"கேமரா இருக்கும்மா."

"இண்டிகேட்டர் போடாம லேன் மாறுறீங்க. கண்ணாடியப் பாத்தீங்களா?"

"டெஸ்ட் உனக்கா, எனக்கா?"

"சும்மா சொன்னேன்."

கிராமம் என்றால் ஒரே ஒரு தெருதான். கல் வீடுகள், நீல ஜன்னல்கள், ஜன்னலுக்கு ஜன்னல் பிளாஸ்டிக் பூக்கள். தொப்பியைச் சாய்த்து வைத்திருந்த சர்வர் "பொன்ழூர்" என்று வரவேற்றார். அடுத்த வார்த்தையிலிருந்து மலையாளம். காக்காய்கூட இல்லாத அந்த அமைதியில் விஜயபாஸ்கர் தெருக்கோடி மணிக்கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கே, "திரும்புங்க, இப்பக் கிளம்பினாப் பிடிச்சிடலாம்" என்று சொல்லிவிடுவாளோ? அவள் சொல்லவில்லை. ஒவ்வொரு ஜன்னலாக நின்று படம் எடுத்தாள். அவரையும் சிரிக்கச் சொன்னாள்.

அவர்கள் சாப்பிட உட்கார்ந்தபோது மணிக்கூண்டு பதினொன்று அடித்தது. அதே நேரம் அவள் போனும் அடித்தது. திரையில் 'ஆபிதா டீச்சர்'. டிரைவிங் சொல்லிக்கொடுக்கிற அம்மா. விஜயபாஸ்கர் கையிலிருந்த ரொட்டி தட்டில் விழுந்தது.

"ஆமா டீச்சர்... இல்ல டீச்சர், அவரோட வெளிய வந்துட்டேன்... நாளைக்குக் கண்டிப்பா வரேன்."

ஒழிந்தது டெஸ்ட்! அவருக்கு எழுந்து ஆட வேண்டும் போலிருந்தது. முகத்தை மட்டும் தொங்கப் போட்டுக்கொண்டார்.

"அடடா, மணி ஆனதே தெரியலையே! எல்லாம் என்னாலதான். வருத்தப்படாத ஜோதி."

"எதுக்கு வருத்தம்? டீச்சர் ஸ்வீட் கேக்குறாங்க."

"எதுக்கு ஸ்வீட்?"

"நான் புதன்கிழமையே பாஸ். கலாஸ், எல்லாம் முடிஞ்சுது."

கைப்பையிலிருந்து லைசென்ஸை எடுத்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். படத்தில்கூட சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இன்னைக்கு டெஸ்டுன்னு சொன்னது?"

"என் பேங்க் பரீட்சை அன்னைக்குத் திடீர்னு குற்றாலம். டீச்சர் வேலைப் பரீட்சை அன்னைக்குத் திடீர்னு கொடைக்கானல். இந்தக் கிராமத்துக்கு மூணு வருஷமா வாயால கேட்டுப் பாத்தேன், நீங்க அசையல. அதான் பரீட்சை இருக்குன்னு சொன்னேன்."

அவள் கையை நீட்டினாள். சாவி கை மாறியது.

திரும்பும்போது அவர் பக்கத்து சீட்டில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு வளைவிலும் இல்லாத பிரேக்கை மிதித்தார். நாகஜோதி இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடி பார்த்து, லாரிகளை ஒவ்வொன்றாக முந்தினாள்.

"ஏங்க, அடுத்த மாசம் எனக்கு ஒரு வேலைக்கு இன்டர்வியூ இருக்கு" என்றாள், ரோட்டிலிருந்து கண்ணெடுக்காமல். "அன்னைக்கு நிஜ பிரான்ஸுக்கே டிக்கெட் போட்டுடுங்க."