பதிப்புரிமைக் காவலர் பாக் விர்யோ

திருடன் எட்டிப் பார்க்காத வீட்டில் விடிய விடிய விசில் ஊதும் காவல்காரர்கள் ஓர் இனம். இணையத்தில் ஏதாவது குழுவில் இருக்கிறீர்களா? அப்படியென்றால் உங்களுக்கும் அப்படி ஒருவரைத் தெரியும். இந்தோனேசியாவின் மாலாங் நகரத்துப் பழைய ஸ்கூட்டர் பிரியர்களின் இணைய மன்றத்துக்கு நிர்வாகியாக வாய்த்தவர் பெயர் விர்யோ. வயதுக்கு மரியாதை கொடுத்து எல்லோரும் ‘பாக் விர்யோ’ என்பார்கள்.

நல்ல மனிதர்தான். ஒரு கல்யாணத்தில் பக்கத்து நாற்காலி வக்கீல், குச்சியில் சுட்ட சத்தே இறைச்சியைக் கடித்துக்கொண்டே, “புதுச் சட்டம் வருது பாக். அடுத்தவன் படைப்பை உங்க மன்றத்துல எவனாவது போட்டா, உங்களையும் பிடிச்சாலும் பிடிப்பாங்க” என்று சொல்லும்வரை.

அன்றோடு அவருக்கு நிம்மதி போயிற்று. கம்பீரம் வந்தது. பாட்டு வரியை நீக்கினார், செய்தித்தாள் துணுக்கை நீக்கினார், காலை வணக்கம் சொல்ல வந்த ரோஜாப்பூவை வாசலிலேயே நிறுத்தி “படம் எடுத்தவர் அனுமதி எங்கே?” என்றார், ஜோக் போட்டவனிடம் அது சொந்தச் சரக்குதானா என்று விசாரித்து, சிரிப்பே வராததால் நம்பி விட்டுவிட்டார்.

ஒரு மழைநாளில், சுடச்சுட பன் விற்கும் எண்டாங்கின் ஸ்கூட்டர் லாவாங் சாலையில் நின்றுபோனது. “வயர் கழன்றுபோச்சு. எங்கே மாட்டணும்? சீக்கிரம் சொல்லுங்கப்பா, பன் ஆறுது!” என்று மன்றத்தில் கேட்டாள்.

தோபான் என்ற உறுப்பினர் கம்பெனிக் கையேட்டின் பக்கத்தைப் படமெடுத்துப் போட்டார். விர்யோ நீக்கினார். “சொந்த நடையில் எழுதவும்.”

“சிவப்பு வயரை இடப்பக்க முனையில் மாட்டு” என்று எழுதினார் தோபான்.

கையேட்டிலும் அதே வாக்கியம்! விர்யோ பதறிப்போய்த் தானே திருத்தினார்: “செந்நிற வயரை, எதிரே நின்று பார்த்தால் வலப்பக்கமாகத் தெரியும் முனையில் பொருத்துக.”

மழையில் எண்டாங்கின் கண்ணில் பட்டது ‘வலப்பக்கம்’ மட்டும். மாட்டினாள். ஹாரன் அலறத் தொடங்கியது. நிற்கவே இல்லை. விர்யோவைப் போனில் பிடித்தாள்.

“என்ன பாக் எழுதி வச்சிருக்கீங்க?”

“எதிரே நின்னு பாருங்கன்னு தெளிவா போட்டிருக்கேனே, அம்மா.”

“எதிரே சாக்கடை!”

“பதறாதீங்க. சட்டப்படி நாம பத்திரமா இருக்கோம்.”

“நான் நடுரோட்ல இருக்கேன், பாக்!”

கடைசியில் தோபான் அவளைக் கூப்பிட்டுக் கையேட்டை அப்படியே வாசித்துக் காட்டினார். வண்டி கிளம்பிவிட்டது. பன்தான் ஆறிப்போயிருந்தது.

அந்த வாரமே எல்லோரும் வேறு குழுவுக்குக் குடிபோனார்கள். விர்யோவிடம் யாரும் சொல்லவில்லை. மன்றத்தில் ஒரு மீறலும் இல்லாததைக் கண்டு அவர் மனம் குளிர்ந்து, “உறுப்பினர்களின் ஒழுக்கத்துக்கு நன்றி” என்று அறிவிப்புப் போட்டார். யாராவது ஒரு கட்டைவிரலாவது காட்டுவார்கள் என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இது சொந்தச் சரக்குதானா என்று தன் அறிவிப்பையே இன்னொரு முறை சந்தேகத்தோடு படித்தார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் படித்துக்கொண்டே வரும்போது, ‘இதை இந்த ஆள் எங்கிருந்து சுட்டிருப்பான்?’ என்று ஒரே ஒரு கணம் யோசித்தீர்களே, அதை நான் கவனிக்கவில்லை என்றா நினைத்தீர்கள்?